தாடையும் தாம்பூலமும்

(தம்மம்பட்டிக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் ஓதுவிக்கும் பண்டிதன் உடற்கூறு பேச வந்தமை தங்களுட் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். உடற்கூறு தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணாக்கர்க்கு மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீன் என்பார் 1872-ஆம் ஆண்டிலேயே 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூலைத் தமிழில் வெளியிட்டனர். ஆயினும் யான் இன்று பேசத் துணிந்தது தமிழார்வத்தால் மட்டும் அன்று. என் வாய் சரியாகத் திறவாமையே காரணம்.

அதனை விளக்குமுன் தாங்கள் யாவரும் ஒரு காரியம் செய்தருள வேண்டும். இருகை விரல்களையும் நெற்றிப் பொட்டுகளில் வைத்துப் பற்களை இறுகக் கடியுங்கள். விரலின்கீழ் ஒன்று புடைத்தெழுகின்றதன்றோ? மெல்லுவது வாயாயிருக்கப் பொட்டு அசைவானேன்? மண்டையோட்டின் பக்கத்தே சிறிது பள்ளமான இடம் உண்டு. அவ்விடத்தில் விசிறிபோல் விரிந்து கிடப்பது பொட்டுத்தசை. அதன் இழைகள் கீழ்நோக்கிக் குவிந்து, கன்ன எலும்பின் வளைவுக்கு உட்புறமாக நுழைந்து, கீழ்த்தாடையின் முன்முளையைப் பற்றுகின்றன. முன்னிழைகள் தாடையை மேலே தூக்கும். பின்னிழைகள் பின்னே இழுக்கும்.

இவ்விடத்து ஒன்று சொல்லாமற் போதல் தகாது. பொட்டிலே நான்கு எலும்புகள் கூடுகின்றன. அங்கே ஓடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தே குருதிக்குழாய் ஒன்று செல்கின்றது. பொட்டில் அடிபட்டவன் சற்றுநேரம் நன்றாகப் பேசியிருந்து, பின்னர் மயங்கி உயிர்க்கு மோசமாதல் உண்டு. 'பொட்டில் அறைந்தாற்போல' என்னும் நம் வழக்கு வீண்சொல் அன்று. அத்தகையோரைத் திண்ணையிற் படுக்கவிட்டு விசிறிக்கொண்டிராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

நிற்க. விரல்களைக் கன்னத்துக்கு இறக்கி மீண்டும் கடித்தால், அங்கே கல்போல் இறுகுவது கன்னத்தசை. நம் ஊர்ச் சிற்பியர் செதுக்கும் குதிரை வாகனத்தின் முகத்தை நோக்குக. தாடைக்குமேல் வட்டமாகப் புடைத்திருப்பது அதுவே. தாடையின் உட்புறத்தே கைக்கு எட்டாத தசைகள் இரண்டு உண்டு. ஒன்று கன்னத்தசைக்கு இணையாய் நின்று தாடையைத் தூக்குவது. மற்றொன்று தாடையை முன்னே இழுத்து வாயைத் திறப்பிப்பது. மூடுதற்கு மூவர், திறத்தற்கு ஒருவர்! அவ்வொருவர்க்கு மோவாயின் கீழுள்ள சிறு தசைகள் துணை. மெல்லும் தசை நான்கையும் ஆள்வது மூளையினின்று வரும் ஐந்தாம் நரம்பின் மூன்றாம் கிளை.

மூட்டு காதின் முன்னே உள்ளது. சுண்டுவிரலைக் காதுத்துளையில் மெல்ல வைத்து வாயைத் திறந்தால் அதன் அசைவு தெரியும். தச்சர் கதவுக்கு இடும் கீல் சுழல மட்டுமே வல்லது. இம்மூட்டோ முதலிற் கீல்போற் சுழன்று, பின்னர் முன்னே வழுக்கியும் செல்லும். எலும்புகள் உராயாதவாறு இடையே மெல்லிய வட்டு ஒன்று கிடக்கின்றது. பெருங்கொட்டாவி விடுங்கால் தாடை முளை வரம்பு கடந்து முன்னே சென்று சிக்கிக்கொண்டால் வாய் மூடாது.

என் துன்பம் இதற்கு மறுதலை. பதினெட்டு ஆண்டுகள் யான் பாடவேளைகளின் இடையே பாக்குச் சீவலைக் கன்னத்தில் அடக்கி வந்தேன். முதலில் காரக்குழம்பு வாயில் எரிந்தது. மனைவியார் மிளகாயைக் குறைத்தார். பின்னர் ஒரு பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை வாயினுள் நுழையவில்லை. மூட்டு பிடித்துக்கொண்டது என்று கருதி ஆறு திங்கள் பொட்டிலும் கன்னத்திலும் தைலம் தேய்த்தேன். பயன் யாதுமில்லை. சேலத்துப் பல் வைத்தியர் ஒருவர் கன்னத்தின் உட்புறத்தை விரலாற் தடவி, என் விரலையும் வைத்துப் பார்க்கச் செய்தார். வீணை நரம்புபோல் விறைத்த நார்கள்! தசை குற்றமற்றது, மூட்டும் குற்றமற்றது. வாயைப் பூட்டியது கன்னத்தின் உட்தோல். தோலுக்கு வந்த நோய்க்குத் தசைமேல் தைலமிட்டேன் யான்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்து உட்தோலின் கீழ் நார்ப்பொருளை மிகுவிக்கின்றது. பாக்கிலுள்ள செம்பு அந்நாரை இறுகப் பிணிக்க உதவுகின்றது. இந்நோயை ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிர் ஐவரிடத்துக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பார் 1952-இல் எழுதினர். ஆங்கில வைத்தியர் இதனைச் சப்மியூக்கஸ் பைப்ரோஸிஸ் என்பர். இந்நோயுற்றார் சிலர்க்கு அவ்விடத்தே புற்றுநோய் தோன்றும். 'புகையிலை சேர்ந்தாலன்றோ கேடு?' என்பார்க்கு விடை: புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது.

இக்கூட்டத்துக்கு வரும்போது படியிலேயே பெரியவர் ஒருவர், "பண்டிதரே, எங்கள் வயிற்றில் அடிக்கவா வந்தீர்?" என்று வினவினார். கெங்கவல்லி, ஆத்தூர், வாழப்பாடிப் பக்கங்களிற் பாக்கு மரத்தால் உண்பவர் பலர். எந்தையார் விட்டுச்சென்ற தோப்பில் எனக்கும் நாற்பது மரங்கள் உள. ஆதலின் அவர் வினா என்னையும் சுட்டது. மட்டை தட்டாகி விலைபோவது காய்க்கு ஈடாகாது என்பதை அறிவேன். மரத்தை வெட்டுமாறு யான் கூறேன். மணப்பந்தலில் தட்டத்து வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்பதையும் தடுக்கேன். யான் வேண்டுவது ஒன்றே. நம் சங்கத்தார் வீட்டு மணங்களில் சந்தனத்தின் அருகே வாசனைப் பாக்குப் பொட்டலங்களைக் குவித்து வைக்கின்றோம். அவற்றை முதலில் அள்ளுவோர் சிறுவர்களே. குட்காவையும் பான் மசாலாவையும் அரசாங்கத்தார் 2013-இல் தடுத்தனர். இனிப்பூட்டிய பாக்கை நாமே மிட்டாய்போற் பிள்ளைகள் கையில் தருகின்றோம். அப்பொட்டலங்களை நிறுத்தக் காரியக் கமிட்டியார் தீர்மானம் செய்தல் வேண்டும்.

ஆட்காட்டி விரல் முதலாக மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களின் இடையே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைதல் இயல்பு. எனக்கு இரண்டே நுழைகின்றன. பாக்கை விட்டு ஈராண்டாயிற்று. முன்னிருந்த நார் கரையவில்லை. வைத்தியர் சொற்படி நாள்தோறும் மரக்குச்சிகளைப் பற்களிடை அடுக்கி வாயைத் திறந்து பழகுகின்றேன். வரும் வியாழக்கிழமை காலை மீண்டும் சேலம் செல்கின்றேன். மூன்று விரல் நுழையாதவர் எவரேனும் இவ்வவையில் இருப்பின், கூட்டம் முடிந்தபின் வாயிலருகே என்னைக் காண்க; ஒருங்கே போய் வரலாம்.