ஜாதகக் கணக்கும் எடைக் கணக்கும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



குழந்தைகள் நலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இக்கூட்டத்தார் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். குழந்தைகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள், குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று ஆரம்பிப்பது வழக்கம். அந்தப் பேச்சினால் எந்தக் குழந்தைக்கும் அரைக்கால் படி பால்கூடக் கிடைத்ததில்லை. ஆதலால் நாம் கணக்கைப் பற்றிப் பேசப் போகின்றோம்.

நம் வீடுகளில் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு கணக்குத்தான் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றது. அதுதான் ஜாதகம். பிறந்த நாழிகை என்ன, நட்சத்திரம் என்ன, அன்றைக்குச் சனி எங்கே இருந்தான், ராகு எங்கே இருந்தான் என்பதெல்லாம் மஞ்சள் தடவி எழுதிப் பெட்டியில் வைத்திருக்கின்றோம். அந்தப் பிள்ளை போன மாதம் எத்தனை கிலோ, இந்த மாதம் எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் இல்லை. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற சனியின் இருப்பிடம் தெரிகிறது. மடியில் இருக்கிற குழந்தையின் எடை தெரியவில்லை! இதற்குப் பெயர் அறிவா என்று கேட்கின்றோம்.

எடைக் கணக்கு என்ன சொல்லும்? நன்றாய் வளரும் குழந்தை சுமார் ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆகும். ஒரு வயதில் சுமார் மூன்று மடங்கு ஆகும். குழந்தை மெலிந்து விட்டதென்று நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதன் எடை ஏறாமல் நின்றுவிடும். நின்ற மாதத்திலேயே கவனித்தால் வீட்டுச் சோறும் பருப்புமே போதும். கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? பிள்ளை தேய்ந்தால் “தோஷம்” என்கிறார்கள், தீட்டுக்காரி நிழல் பட்டது என்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், தராசில் வைத்தால் கண்பட்டுவிடும் என்கிறார்கள். தராசுக்குக் கண் இல்லை, தோழர்களே! உள்ளதைக் காட்டும் முள்தான் இருக்கின்றது.

இது வெறும் வாதமல்ல. நம் நாட்டிலேயே செய்து பார்த்த காரியம். 1980-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் உலக வங்கியின் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள கிராமத்துக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் வருஷம் முழுவதும் மாவுருண்டை என்று வைக்கவில்லை. எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லையோ, எது மிகவும் நலிந்திருந்ததோ, அதற்கு மாத்திரம் சுமார் 90 நாள் கொடுத்து, எடை தேறியதும் நிறுத்தி, அதன் தாய்க்கு வீட்டிலேயே எப்படி ஊட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடுமையாய் நலிந்த குழந்தைகளின் தொகை அந்தக் கிராமங்களில் நன்றாய்க் குறைந்தது. பூஜை செய்தா குறைந்தது? அட்டையில் வைத்த புள்ளியைப் பார்த்து, பார்த்தபடி நடந்ததனால் குறைந்தது.

நிற்க. கணக்கு எழுதினால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. கணக்குகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். பேசாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, எழுதுவதில் யாருக்கும் குறையாத இங்கிலாந்து தேசத்தில் நடந்ததையே சொல்லுகின்றோம்.

விக்டோரியா கிளிம்பியே என்று ஒரு பெண் குழந்தை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்குமென்று பெற்றோர் ஒரு உறவுக்காரியுடன் அனுப்பினார்கள். 1999-ல் லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். அந்த உறவுக்காரியும் அவளோடு இருந்த ஒருவனும் அக்குழந்தையை அடித்தும், சூடு வைத்தும், பட்டினி போட்டும் வதைத்தார்கள். 2000-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி எட்டு வயதில் அவள் மாண்டாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இவளை யாருக்கும் தெரியாதா? நான்கு ஸ்தல ஸ்தாபனங்களின் சமூக சேவை இலாகாக்களுக்குத் தெரியும். இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டிருந்தாள். போலீசின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு இரண்டுக்குத் தெரியும். வீட்டு வசதி இலாகாவுக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதம் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பில் இருந்த தழும்புகளைச் சொறி என்று எழுதினார்கள். ஒரு இடத்துக் காகிதத்தை இன்னொரு இடத்துக் காகிதத்தோடு சேர்த்துப் படித்தவர் எவருமில்லை. பள்ளிக்கூடத்திலும் அவள் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவரும் இல்லை. அந்த உறவுக்காரியோ பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். நம் ஊர்ப் பூசாரிக்கும் அந்த ஊர்ப் பாதிரிக்கும் பாஷைதான் வேறு, பேய் ஒன்றுதான்!

லேமிங் பிரபு என்பவர் விசாரித்து 2003-ல் அறிக்கை கொடுத்தார். குறைந்தது 12 சந்தர்ப்பங்களில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதன் பேரில் 2004-ல் குழந்தைகள் சட்டம் செய்தார்கள். பிறகு 2009-ல் அத்தேசத்துக் குழந்தைகள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேருக்கும் ஒரே பட்டியல் ஏற்படுத்தினார்கள். அதில் வியாதி விவரம், குடும்ப வழக்கு ஒன்றும் கிடையாது. பெயர், விலாசம், எந்தப் பள்ளி, எந்த டாக்டர், எந்த இலாகா கவனிக்கிறது என்பது மாத்திரம். எதற்காக என்றால், ஒருவர் மற்றவரைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்காக. ஆனால் இத்தனை பேர் கையில் எல்லோர் வீட்டு விவரமும் போகலாமா, செலவு தகுமா என்று கூச்சல் எழுந்து, அடுத்த ஆட்சி 2010-ல் அதை மூடிவிட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. கணக்குகள் சேராவிட்டால் குழந்தை சாகும். கணக்கை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று வரம்பு கட்டாவிட்டால் ஜனங்கள் அதை நம்பமாட்டார்கள். கணக்கே செத்துப் போகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கர்ப்பிணிக்குச் சுகாதார இலாகா ஒரு நம்பர் கொடுக்கின்றது. பிள்ளை அங்கன்வாடிக்கு வந்தால் அங்கே வேறொரு பதிவு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் மூன்றாவது நம்பர். இலாகா மூன்று, பிள்ளை ஒன்று. கிராம சுகாதார நர்ஸ் அம்மாளுக்கு ஊசி போட்டது தெரியும். அங்கன்வாடி அம்மாளுக்கு எடை தெரியும். வாத்தியாருக்கு வராத நாள் தெரியும். மூவரும் சேர்ந்தால்தான் பிள்ளையின் நிலைமை தெரியும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறார்களே, அந்தப் பிள்ளையின் கதி என்ன? இந்த ஊர்ப் புத்தகத்தில் “ஊரில் இல்லை” என்று எழுதுவார்கள். போன ஊர்ப் புத்தகத்தில் பெயரே இருக்காது. இரண்டு ஊர்க் கணக்கும் சரியாயிருக்கும். பிள்ளை மாத்திரம் தப்பிப் போகும்!

அன்றியும், சராசரி என்று ஒரு ஏமாற்று இருக்கின்றது. ஊரில் நூறு பிள்ளைக்குப் பத்துப் பிள்ளைதான் நலிவு என்றால், பரவாயில்லை என்று அதிகாரி போய்விடுவார். அந்தப் பத்தும் எந்தத் தெரு என்று பிரித்துக் கேளுங்கள். பத்தும் சேரியில் இருந்தால் அது பத்து சதவிகிதமல்ல. ஒரு தெருவே பட்டினி என்று அர்த்தம். அங்கன்வாடி எந்தத் தெருவில் கட்டியிருக்கிறது, எந்தத் தெருப் பிள்ளை அங்கே போகக் கூசுகிறது என்பதும் அப்போது வெளிவரும். ஜாதி ஒளிந்துகொள்ள வசதியான இடம் சராசரிதான்.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், மாதம் ஒரு நாள் நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், வாத்தியார் மூவரும் தங்கள் புத்தகத்தோடு ஓரிடத்தில் உட்காரும்படி பஞ்சாயத்தைக் கேளுங்கள். எடை நின்ற பிள்ளை, ஊசி தவறிய பிள்ளை, பள்ளியை விட்ட பிள்ளை எது என்று ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் எழுதச் சொல்லுங்கள். ஊர் விட்டுப் போகும் பிள்ளையின் விவரம் போகிற ஊருக்கும் போக வேண்டும் என்று கேளுங்கள். தெருவாரியான தொகையைப் பலகையில் எழுதட்டும். பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். ஏழைத் தாயை மிரட்டவோ, அரிசியை நிறுத்தவோ அந்தக் கணக்கை எவனாவது உபயோகித்தால் முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாமே.

தாய்மார்களே! ஜாதகத்தைக் கிழியுங்கள் என்றுகூட இன்று நாம் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் எடை அட்டையையும் வையுங்கள். ஒரு வருஷம் இரண்டையும் பாருங்கள். எது உங்கள் பிள்ளையைப் பற்றி உண்மை சொல்லிற்று என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நிறுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று சொல்லி நம் பேச்சை முடித்துக் கொள்ளுகின்றோம்.