எங்கள் கோள், நம் கோள்: இயந்திரத் தலைவர்களின் கதையில் ஒரு தமிழ்ச் சொல்



இலக்கண உரை என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு இன்றைய தலைப்பு வியப்பளிக்கலாம். உருமாறும் இயந்திர மனிதர்களின் கதையைப் பற்றி மொழியியலில் என்ன பேச இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அக்கதையின் உயிர்நிலையான ஒரு கட்டத்தை ஆங்கிலத்தால் ஒரே சொல்லில் சொல்லிவிட முடிகிறது. தமிழில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே தமிழ் நம்மை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியே இன்றைய உரையின் பொருள்.

கதை

ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் பொம்மைகள் 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தால் சந்தைக்கு வந்தன. ஜப்பானின் தக்காரா நிறுவனம் முன்பே செய்துவந்த பொம்மைகளே அவற்றுக்கு அடிப்படை. அதே ஆண்டில் மார்வெல் நிறுவனத்தின் படக்கதையும் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரும் தொடங்கின. சைபர்ட்ரான் என்னும் கோளில் வாழும் இயந்திர மனிதர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நெடுங்காலம் போரிடுகின்றனர். ஆட்டோபாட் அணிக்கு ஆப்டிமஸ் பிரைம் தலைவர். டிசெப்டிகான் அணிக்குப் பெரும்பாலும் மெகட்ரான் தலைவர். இவ்வளவும் இங்குள்ள மாணவர்கள் அறிந்ததே.

இவ்விரு அணிகளையும் விடப் பெரிய பகைவன் ஒருவன் உண்டு. யூனிக்ரான் என்பது அவன் பெயர். அவனே ஒரு கோளின் அளவினன்; கோள்களை விழுங்குபவன். மார்வெல் படக்கதையின் இறுதிப் பகுதியை சைமன் ஃபர்மன் எழுதினார். அதில் யூனிக்ரான் சைபர்ட்ரானை நோக்கி வருகிறான். அப்போது டிசெப்டிகான்களின் ஒரு பெரும் பிரிவுக்கு ஸ்கார்பனாக் தலைவர். ஒன்றுபடாவிட்டால் இரு அணியும் அழியும் என்று உணர்ந்த ஆப்டிமஸ் பிரைம், 71ஆம் இதழில் யாரும் எதிர்பாராத செயலொன்றைச் செய்கிறார்: ஸ்கார்பனாக்கிடம் சரணடைகிறார். தோற்றுப்போய்ச் சரணடையவில்லை, உடன்பாட்டுக்கு வேறு வழியில்லை என்பதால் சரணடைகிறார். 1991இல் வெளிவந்த 75ஆம் இதழில் இரு அணியும் சைபர்ட்ரானில் தோளோடு தோள் நின்று யூனிக்ரானை எதிர்க்கின்றன. அப்போரில் ஸ்கார்பனாக் மடிகிறார்.

2002இல் தொடங்கிய ஆர்மடா என்னும் சித்திரத் தொடரிலும் இதே நிலை வருகிறது. அங்கே மெகட்ரான் எளிதில் இணங்கவில்லை. அவருடைய அணியைச் சேர்ந்த ஸ்டார்ஸ்க்ரீம், பெரும்பகை உண்மையானது என்று காட்டத் தன் உயிரையே கொடுக்கிறார். அதன் பின்னரே பகைத் தலைவர்கள் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆங்கிலம் மறைப்பதும் தமிழ் கேட்பதும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். பேசுவோர் தம் அணியை மட்டும் குறித்தாலும், கேட்கும் பகைவரையும் சேர்த்துக் குறித்தாலும் அச்சொல் மாறாது. தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. கேட்போரை விலக்கினால் 'நாங்கள்'. கேட்போரையும் உளப்படுத்தினால் 'நாம்'.

இது திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான செல்வம். தெலுங்கில் 'மேமு', 'மனமு' என்றும், மலையாளத்தில் 'ஞங்ஙள்', 'நாம்' என்றும் இவ்வேறுபாடு நிற்கிறது. இந்நாட்டில் வாழும் நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. மலாய் மொழியின் 'காமி' கேட்போரை விலக்கும். 'கித்தா' கேட்போரைச் சேர்க்கும். தமிழும் மலாயும் வேறுவேறு குடும்பத்து மொழிகள். எனினும் இந்த ஒரு நுட்பத்தில் அவை கைகோத்து நிற்கின்றன. தமிழ் மாணவர்க்கு 'காமி', 'கித்தா' வேறுபாட்டை விளக்கும் ஆசிரியர் வேறெங்கும் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

பழந்தமிழில் இவ்வேறுபாடு இன்னும் ஆழமாக வேரோடியிருந்தது. 'யாம்' கேட்போரை விலக்கியும் 'நாம்' சேர்த்தும் வழங்கின. பெயர் மட்டுமன்று, வினைமுற்றின் ஈறும் இவ்வேறுபாட்டைக் காட்டியது. அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்னும் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். 'செல்வாம்' என்றால் கேட்பவரும் உடன் வருகிறார். 'செல்வேம்' என்றால் அவர் வரவில்லை. இன்றைய எழுத்துத் தமிழில் 'ஓம்' என்னும் ஓர் ஈறே இரண்டுக்கும் நிற்கிறது. 'செல்வோம்' என்பதில் யார் யார் செல்கின்றனர் என்பதைப் பெயர்ச்சொல்தான் சொல்ல வேண்டும். அதாவது, முன்பு இரண்டு தூண்கள் தாங்கிய சுமையை இன்று ஒரே தூண் தாங்குகிறது.

ஒரு பயிலரங்கில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கான மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றை ஆசிரியர் இருவருடன் சேர்ந்து நாங்கள் நடத்தினோம். (இங்கே 'நாங்கள்' என்றே சொல்ல வேண்டும், நீங்கள் அங்கு இல்லை.) பிரைம் சரணடையும் கட்டத்தை ஒட்டி நாங்களே ஆங்கிலத்தில் ஒரு சிறு உரையாடலை எழுதி, அதைத் தமிழில் தரச் சொன்னோம்.

ஒரு மாணவி தொடக்கம் முதல் இறுதிவரை 'நாம்' என்றே எழுதியிருந்தார். பிரைம் பகைவரைப் பார்த்து, "நாம் சரணடைகிறோம்" என்கிறார். படித்தவுடன் சிரிப்பு எழுந்தது. கேட்பவரும் சேர்ந்து சரணடைந்தால் யாரிடம் சரணடைவது? இன்னொரு மாணவர் முழுவதும் 'நாங்கள்' என்று எழுதியிருந்தார். "நாங்கள் சேர்ந்து யூனிக்ரானை எதிர்ப்போம்" என்று அவருடைய பிரைம் சொல்கிறார். அப்படியானால் ஸ்கார்பனாக் எதற்கு? உடன்பாட்டுக்காக வந்தவர், 'நீங்கள் வீட்டிலேயே இருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனது போலாயிற்று.

இரண்டும் பிழை. ஆனால் அப்பிழைகளே எங்களுக்கு வழிகாட்டின. அந்த ஒரே பேச்சுக்குள் இரண்டு சொல்லும் வேண்டும். "நாங்கள் சரணடைகிறோம்" என்று தொடங்கி, "நாம் எதிர்ப்போம்" என்று முடிய வேண்டும். "இது எங்கள் கோள்" என்று இருவரும் நெடுங்காலம் தனித்தனியே முழங்கியது, "இது நம் கோள்" என்று ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இவ்விரு தொடர்களும் ஒன்றே. எந்த நொடியில் பகை உறவாக மாறியது என்பதை ஆங்கில வாசகர் முகத்திலும் செயலிலும் தேடிக்கொள்கிறார். தமிழ் வாசகர்க்கு அதை ஒரு சொல்லே அறிவித்துவிடுகிறது.

மூன்றாவது மாணவர் ஒருவர் மிக அமைதியானவர். அவர் எழுவாயையே எழுதாமல், "எதிர்ப்போம்" என்று மட்டும் எழுதியிருந்தார். தமிழ் அதற்கும் இடம் தரும். தலைவர் இன்னும் தயங்குகிறார் என்று காட்ட வேண்டுமானால் அதுவே சிறந்த உத்தி. அதை அவரிடம் பாராட்டிச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. "ஐயா, பிரைம் 'நாம்' என்று சொல்லி, ஸ்கார்பனாக் அதை ஏற்காவிட்டால், அது 'நாம்' ஆகுமா?" என்று கேட்டார்.

அன்று உடனே விடை சொல்ல எங்களால் முடியவில்லை. இலக்கணப்படி ஆகும், பேசுவோர் கேட்போரை உளப்படுத்திவிட்டார். வாழ்க்கைப்படி ஆகாது, கேட்போர் இன்னும் வரவில்லை. இப்போது தோன்றுவது இது: 'நாம்' என்பது நடந்ததைச் சொல்லும் சொல் மட்டுமன்று, அழைப்பும் ஆகும். அழைப்பவர் முதலில் தாம் ஏதேனும் ஒன்றை இழக்க வேண்டும். பிரைம் தம் பெருமையை இழந்தார். அதனால்தான் அவருடைய 'நாம்' நம்பத்தக்கதாயிற்று.

இழக்காமல் சொல்லும் 'நாம்' ஒன்றும் உண்டு. மன்னர்கள் தம்மை ஒருவரையே 'யாம்' என்றும் 'நாம்' என்றும் சொல்லிக்கொள்வதை நாடகங்களில் கேட்டிருக்கிறோம். மெகட்ரான் தமிழில் பேசினால் பெரும்பாலும் அவ்வகை 'நாம்' என்றே பேசுவார். அதில் அவர் மட்டுமே இருப்பார். ஒரே சொல் அழைப்பாகவும் வரும், ஆணவமாகவும் வரும். எது என்று பிரித்தறியும் பயிற்சியையே நாம் வகுப்பறையில் தர வேண்டும்.

இயந்திரம் பேசினால் எத்திணை?

இவ்விடத்தில் ஓர் ஆசிரியர் ஐயம் எழுப்பக்கூடும். இயந்திரம் அஃறிணையாயிற்றே; 'பிரைம் வந்தது' என்பதா, 'வந்தார்' என்பதா? தொல்காப்பியர் தன்மை வினைகளை உயர்திணையின் பகுதியில் வைத்தார். நன்னூலார் அவற்றை இருதிணைக்கும் பொதுவாக்கினார். இரண்டு நெறியும் இங்கே நமக்கு உதவும். நன்னூல் வழியில், கதைக்குள் பேசும் எந்தப் பொருளும் 'நாம்' எனலாம். தொல்காப்பிய வழியில், 'நாம்' என்று சொல்லத் தெரிந்தது எதுவோ அது மக்களோடு வைத்து எண்ணத்தக்கது. ரோபோ என்னும் சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து, காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வழியாக உலகுக்கு வந்தது. ஏவலுக்கு மட்டும் உரியதாகப் பிறந்த அப்பெயர், தன் கோளைக் காக்கத் தானே முடிவெடுக்கும் தலைவர்களுக்கு உரியதாக வளர்ந்திருக்கிறது. 'வந்தார்' என்றே எழுதுங்கள்.

நாம் இழக்கக்கூடியது

இவ்வளவு நுட்பமும் என்றும் நிலைக்கும் என்று எண்ண வேண்டா. நம் உறவு மொழியான கன்னடத்தில் பழங்காலத்தில் இருந்த இவ்வேறுபாடு இன்று இல்லை. 'நாவு' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. கன்னடம் அதனால் குறைந்த மொழி ஆகிவிடவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு ஓசையின்றிப் போய்விடக்கூடும் என்பதற்கு அது சான்று.

நம் வகுப்பறைகளில் அந்த ஓசையின்மை கேட்கத் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசும் குழந்தை, வீட்டுக்கு வந்த விருந்தினரிடம், "நாளை நாம் பினாங்குக்குப் போகிறோம்" என்கிறது. விருந்தினர் தம்மையும் அழைப்பதாக எண்ணி மகிழ்கிறார். பிறகுதான் தெரிகிறது, அது குடும்பத்தாரின் பயணம் மட்டும். இன்னொரு குழந்தை தன் தாத்தாவிடமே, "எங்கள் வீட்டில் தீபாவளி" என்கிறது. தாத்தா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவர் அச்சொல்லைக் கேட்டுவிட்டார். தம் வீட்டிலேயே தாம் விலக்கப்பட்டதை அவர் காது அறிந்துகொண்டது. சொன்ன குழந்தை அறியவில்லை.

இதைச் சிவப்பு மையால் திருத்தினால் மட்டும் போதாது. அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவரும் பேசும்போது தவறுகிறார். கதை வேண்டும். மாணவர் விரும்பும் கதையே வேண்டும். பகைத் தலைவர் இருவரை வகுப்பின் முன் நிறுத்துங்கள். இருவருக்கும் ஒரே கோள், ஒரே பேரழிவு. 'எங்கள்' எப்போது 'நம்' ஆக வேண்டும் என்று வகுப்பையே கேளுங்கள். அவர்கள் வாதிடுவார்கள். வாதிட்டுக் கண்ட இலக்கணம் மறக்காது.

கதையின் பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். படக்கதையில் யூனிக்ரான் அழிந்தபின் அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. டிசெப்டிகான்கள் மீண்டும் பிரிந்தனர். பொதுப்பகையால் மட்டும் பிறந்த 'நாம்', பகை நீங்கியதும் 'நாங்கள்' ஆயிற்று. பகை இல்லாத நாளிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய 'நாம்' ஒன்றே நிலைக்கும். அந்தப் பழக்கத்தைத் தமிழ் நமக்கு அன்றாடம் தருகிறது. வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், எதிரே இருப்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே அது நம்மைப் பேசவிடுகிறது.

அந்த அமைதியான மாணவரின் கேள்வியோடு விடைபெறுகிறோம். அவருக்கு அன்று தராத விடையை, இங்குள்ள ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் மாணவரோடு சேர்ந்து தேட வேண்டுகிறோம். தேடுபவர்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அது நம் கேள்வியாகும்.