முன்பின் தெரியாதவரின் முதல் செய்தி



சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைக்கு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "மூன்றடியில் நடராசர் வேண்டும், என்ன விலை?" முன்பின் தெரியாதவர். அதே செல்பேசிக்கு, லாட்டரி விழுந்திருப்பதாக இன்னொருவர் எழுதுகிறார். அவரும் முன்பின் தெரியாதவர்தான். தெரியாதவர் எவரும் எழுத முடியாதபடி அடைத்துவிட்டால் குப்பைச் செய்தி நிற்கும். ஸ்தபதியின் பிழைப்பும் சேர்ந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கவலையை ஒரே நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. 2018இல் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி அது கட்டுப்படுத்தியது. ஒருவர் முடிவெடுத்தார், ஊரெல்லாம் நடந்தது.

உரிமையாளர் என்று ஒருவர் இல்லாத அரட்டை வலைகளில் அது நடக்காது. அவற்றில் பழைய ஒன்று எக்ஸ்எம்பிபி. 1999இல் ஜாபர் என்ற பெயரில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். பெயரும் கடவுச்சொல்லும் தந்தால் உடனே கணக்கு என்று ஒரு சர்வர் தாராளம் காட்டினால், குப்பை அனுப்புகிறவரின் நிரல் ஒரே இரவில் கணக்குகளைக் குவித்துவிடும். பொறுத்துப் பார்த்த மற்ற சர்வர்கள் அந்தச் சர்வரையே தள்ளிவைக்கும். அங்கிருக்கும் நல்லவர்களுக்கும் பேச்சு அறுந்துபோகும்.

கோணல்மாணல் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் கணக்கு எனலாம். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு பெரியவர்கள் அதனுடன் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால், அது தடுப்பது நிரலையா நம்மையா என்றே சந்தேகம் வரும்.

எக்ஸ்எம்பிபியில் இயங்கும் குயிக்ஸி என்ற செயலி வேறு வழி கண்டது. செல்பேசி எண்ணைத் தருகிறோம், ஓடிபி வருகிறது, கணக்கு தயார். நம் தொடர்புப் பட்டியலில் யாரெல்லாம் அங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அந்த நிரலை எடுத்து 'பிரவ்' என்ற செயலியைத் தொடங்கினார்கள். பயனர்களே கூட்டுறவுச் சங்கமாக அதை நடத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

இந்த முறையில் குப்பை அனுப்புகிறவருக்கு ஆயிரம் கணக்குக்கு ஆயிரம் சிம் வேண்டும். இங்கே சிம் வாங்க அடையாளச் சான்றும் வேண்டும். அந்த அளவுக்கு அந்தரங்கமும் போகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் எண்ணைத் தர மனமில்லாதவர் வேறு சர்வரில் கணக்குத் தொடங்கி, அங்கிருந்தே பிரவ்காரரோடு பேசலாம். அந்த வாசல் திறந்திருப்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அதே வாசல் வழியாகக் குப்பையும் வரத்தான் செய்யும். தெரியாதவரின் முதல் செய்தியைச் செயலி தனியே ஒதுக்கிவைத்துக் காட்டினால் போதும். நடராசர் கேட்டவரை ஸ்தபதி கண்டுகொள்வார்.

எனக்கு உறுத்துவது செலவு. ஒவ்வொரு ஓடிபிக்கும் யாரோ காசு கட்ட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புகிறவர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்தாக வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது எழுத்தர் ஒருவரின் வேலை. தன்னார்வலர் நாலு பேருக்கு வாரக்கணக்கில் அலைச்சல்.