படகு டிக்கெட்டில் கால்வாய்க்கு எவ்வளவு?

பிச்சாவரம் போயிருக்கீங்களா? சுரபுன்னை வேர்கள் வளைந்து தொங்கும் குறுகலான வாய்க்காலுக்குள் துடுப்புப் படகு நுழைந்ததும் எல்லார் போனும் வெளியே வந்துவிடும். என்னுடையதும்தான். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்த இடம் வேற, கேட்கணுமா!

ஆனா அந்தக் காடு ஒருகாலத்தில் செத்துக்கிட்டிருந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும், பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு, சேறு காய்ந்து, தரை தட்டு மாதிரி குழிந்தது. கடல் ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அங்கே என்ன நட்டாலும் பிழைக்காது. பழி மட்டும் விறகு வெட்டுகிற, மாடு மேய்க்கிற ஊர்க்காரர்கள் மேல்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்தது, உப்பு கழுவிப் போனது, கன்று பிடித்தது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு.

கால்வாய்னா தூர்வாரணும். விட்டா வண்டல் அடைச்சு, பழையபடி தேக்கம்தான். இந்த வேலை ஒரு தடவையோட முடியாது.

இங்கே இருளர் மக்கள் வலை இல்லாமல், தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பெண்களும்தான். பிடித்தது பனையோலைப் பறிக்குள் போகும். காடு போனால் இறால் குஞ்சு வளர்கிற இடமும் போச்சு. நமக்கு அது ஒரு ரீல்ஸ். அவங்களுக்கு அன்றைய அரிசி.

அதனால 'சூழல் சுற்றுலா'ன்னு போர்டு வைத்தால் மட்டும் எனக்குப் போதாது. டிக்கெட் காசில் ஒரு பங்கைத் தூர்வாரக் கணக்குக் காட்டி ஒதுக்கணும். அந்தக் கூலி முதலில் இறால் தடவுகிற குடும்பங்களுக்குப் போகணும். எந்த வாய்க்காலில் எத்தனை படகு என்பதையும் அவர்களைக் கேட்டே முடிவு பண்ணணும். சேறு கலங்கினால் முதலில் அவங்களுக்குத்தானே தெரியும்?

அடுத்த முறை போனா கவுண்டரில் கேட்டுப் பாருங்க: இந்தக் காசுல கால்வாய்க்கு எவ்வளவு? என்ன பதில் வந்தாலும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடுறேன்.