பங்கோர் தீவுக்குக் குடும்பத்தோடு



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் தோட்டப்புற வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பயணங்கள்தாம் பேச்சில் அடிபடும். ஒன்று, பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு என்று உறவினர் வீட்டுப் பயணம். மற்றொன்று கோயில் திருவிழா. இரண்டும் வேண்டியவையே. ஆனால், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அல்லாமல், யார் வீட்டுத் துக்கத்துக்கும் அல்லாமல், ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்றே குடும்பம் முழுவதும் புறப்படுவது பல வீடுகளில் இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. “அதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு, டீச்சர்” என்று பெற்றோர்கள் என்னிடம் சொல்வதுண்டு. வசதி குறைந்தவர்களுக்குத்தான் முன்கூட்டியே திட்டமிடுதல் மிகவும் தேவைப்படுகிறது. ஆகவே இன்று பங்கோர் தீவை எடுத்துக்கொண்டு, ஒரு குடும்பப் பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம்.

பங்கோரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரே சாலையில் எட்டிவிடும் தூரம். தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று வயல்வெளிகளின் ஊடே சென்று, பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். பிறகு தெலுக் இந்தான். 1885-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம் அங்கே நிற்கிறது. ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைத்த கோபுரம் அது. கால் நீட்டி நிற்கவும் கட்டுச்சோற்றைப் பிரிக்கவும் நல்ல இடம். அங்கிருந்து சித்தியவான் வழியாக லுமுட். படகுத்துறை அங்கேதான். பயணிகள் படகில் கார் ஏறாது. லுமுட்டில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே நிறுத்துமிடக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான கடற்பயணத்தில் தீவு வந்துவிடும்.

எப்பொழுது போவது? நவம்பர், டிசம்பர் மாதங்களில் விடுமுறை கிடைத்தால், அப்போது தியோமான், ரெடாங் போன்ற கிழக்குக்கரைத் தீவுகளில் வடகிழக்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு இருக்கும். பங்கோர் மேற்குக்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் தீபகற்பமும் மறுபக்கம் சுமத்ராவும் அணை போல் நிற்பதால் மலாக்கா நீரிணையில் அவ்வளவு சீற்றம் இராது. மழை பெய்யும், குடை வேண்டும். மாசி மகத்தையொட்டி அங்குள்ள பத்ரகாளியம்மன் ஆலயத்திற்குப் பக்தர்கள் திரள்வார்கள். சாமி கும்பிடப் போகிறவர்கள் அப்போது போகலாம். ஓய்வுக்கும் ஊர் பார்க்கவும் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது; படகிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம்.

விடுப்பைப் பற்றியும் ஒரு சொல். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 நாள் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டு ஆனவருக்கு 12 நாள்; ஐந்து ஆண்டைக் கடந்தவருக்கு 16 நாள். அதில் இரண்டு நாளைக் குடும்பத்திற்கென்று ஒதுக்கினால் போதும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது என்பதால் இரண்டு மாதத்திற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனிப் பணம். மூன்று மாதத்திற்கு முன்பே ஒரு பால்மாவு டின்னை எடுத்து, அதில் வாரந்தோறும் ஒரு தொகை போட்டு வாருங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் பெட்ரோல், படகு, தீவில் சுற்றும் வேன், தங்குமிடம், சாப்பாடு என்று ஐந்து கோடுகள் போதும். கணக்கு எழுதும் வேலையை ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். நான் வகுப்பில் ஒரு வாரம் சொல்லிக் கொடுக்கும் பெருக்கலும் கழித்தலும் அங்கே ஒரே மாலையில் படிந்துவிடும். ஆறு பேர் போக வர ஆகும் படகுக் கூலியைத் தானே கணக்கிட்ட பிள்ளை, தீவில் இறங்கியதும் “பொம்மை வாங்கிக் கொடு” என்று அடம் பிடிப்பதும் குறையும். பங்கோர் 2020 ஜனவரி முதல் தீர்வையற்ற தீவு. கடைகளில் ஆசை பெருகும். அதற்கும் ஒரு கோடு போட்டு, ஒரு வரம்பு வைத்துவிடுங்கள்.

இங்கே தகப்பன்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயணம் என்று புறப்பட்டு, அடுப்பு, அரிசி மூட்டை, மசாலாத் தூள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், கடற்கரை விடுதியிலும் அம்மாவைச் சமைக்க விட்டால் அது யாருக்கு விடுமுறை? முதல் வேளைக்குப் புளிச்சாதமும் அவித்த முட்டையும் கொண்டு போகலாம். மற்ற வேளைகளுக்குக் கடையில் சாப்பிடுவதென்று கணக்கிலேயே எழுதிவிடுங்கள். வெள்ளி போதவில்லையென்றால் இரண்டு இரவை ஓர் இரவாகக் குறையுங்கள். அம்மாவின் ஓய்வைக் குறைக்காதீர்கள். பாட்டியை வீட்டுக்குக் காவலாக விட்டுப் போவதும் வேண்டாம். தீவில் வாடகை வேன்கள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களும் இருந்தபடியே சுற்றிப் பார்க்கலாம். அவருடைய மருந்துகளை மட்டும் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீவில் எதைப் பார்ப்பது? முதலில் தெலுக் கெடோங். தெலுக் என்றால் வளைகுடா. கெடோங் என்னும் மலாய்ச் சொல் நம்முடைய ‘கிடங்கு’ என்ற சொல்லோடு உறவுடையது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். பெயருக்கேற்ப அங்கே இருந்தது கிடங்குதான். பேராக்கின் ஈயத்தைச் சேர்த்து வைக்கவும், ஈய வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்துக்கொள்ளவும் டச்சுக்காரர்கள் 1670-இல் அங்கே ஒரு கோட்டை எழுப்பினார்கள். அவர்கள் ஈயம் பெற்ற முறையை வெறுத்த மலாய் மக்கள், பங்லிமா கூலுப் என்பவரின் தலைமையில் 1690-இல் அதைத் தாக்கி அழித்தார்கள். 1743-இல் டச்சுக்காரர்கள் மீண்டும் வந்தார்கள். 1748-இல் கைவிட்டுப் போனார்கள். இன்று நாம் காணும் செங்கல் சுவர்கள் 1973-இல் சீரமைக்கப்பட்டவை. பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதில் ஒரு விலங்கின் உருவமும், டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகளும், 1743 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. டச்சுக்காரர் ஒருவரின் குழந்தையைப் புலி தூக்கிச் சென்றதைக் காட்டும் சித்திரம் அது என்று ஊரார் கதை சொல்வர். பிள்ளைகள் கோட்டையை மறந்தாலும் அந்தப் பாறையை மறக்கமாட்டார்கள்.

நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு இது புதுக்கதையும் அன்று. கோலசிலாங்கூரின் மலாவத்திக் குன்றை 1784-இல் கைப்பற்றியவர்களும் இதே டச்சுக்காரர்கள்தாம். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். ஆகவே பங்கோருக்குப் போகுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலாவத்திக் குன்றில் ஏறி, பீரங்கிகளைக் காட்டி, அந்தக் கதையைச் சொல்லி வையுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடுவதோடு அந்தக் குன்றை முடித்துவிடுகிறோம், அது போதாது.

பங்கோரின் பெயர் நம் சரித்திரப் புத்தகங்களில் வருவது வேறொரு காரணத்தால். 1874 ஜனவரி 20-ஆம் நாள், அத்தீவுக்கு அருகே நின்ற புளூட்டோ என்ற கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ராஜா அப்துல்லா பேராக் சுல்தானாக ஏற்கப்பட்டார். அதற்கு ஈடாக ஓர் ஆங்கிலேய ரெசிடெண்டை அவர் ஏற்க வேண்டியதாயிற்று. மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் நீங்கலாக, மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆலோசனை என்ற சொல்லுக்குள் ஆட்சி ஒளிந்திருந்தது. முதல் ரெசிடெண்டான பர்ச், 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆனால் ஆங்கிலேயர் பின்வாங்கவில்லை. சிலாங்கூருக்கும் ரெசிடெண்டு வந்தார்.

பிள்ளைகள் இதைத் தேர்வுக்காக ஒரு வரியில் மனனம் செய்கிறார்கள். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வரியையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பினாங்கிற்கும், வெல்லஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர் அதற்கு முன்பே வந்திருந்தார்கள். ஆனால் சிலாங்கூரிலும் பேராக்கிலும் காப்பித் தோட்டமும், பிறகு ரப்பர்த் தோட்டமும் பெருகி, தென்னாட்டிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டது அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால்தான். அந்த உடன்படிக்கையில் தோட்டத் தொழிலாளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் நம் பாட்டனார் கப்பல் ஏறியதற்கும், நாம் லயத்தில் பிறந்ததற்கும் அதில் ஒரு வேர் இருக்கிறது. பாட்டியை அழைத்துப் போங்கள் என்று நான் சொன்னது இதற்காகவும்தான். அவருடைய தகப்பனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் பால் வெட்டினார் என்று பேரப்பிள்ளைகள் படகில் கேட்கட்டும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. அந்தப் பெயர்கள் பாட்டிமார்களின் வாயில்தான் மிஞ்சியிருக்கின்றன.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குளிப்பதற்குக் கடற்கரைகள் மேற்குப் பக்கத்தில் உள்ளன: பாசிர் போகாக், தெலுக் நிப்பா. பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால் போகாமல், பெரியவர் ஒருவர் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசி பார்ப்பவரைக் காவலுக்கு வைக்காதீர்கள். மாலையில் நிப்பா பக்கம் இருவாட்சிப் பறவைகள் மரங்களுக்கு இறங்கி வரும். சுங்கை பினாங்கில் உள்ள சீனக் கோயிலான பூ லின் கோங்கில், சீனப் பெருஞ்சுவரைச் சிறிய அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் நாளில் கடைசிப் படகுக்காகக் காத்திராதீர்கள். கூட்டமிருந்தால் பிள்ளைகளோடு தவிக்க நேரும். புறப்படும் நேரத்தை முதல் நாளே துறையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெத்திலிக்குப் பெயர்போன தீவு அது. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, கையில் எடுத்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரமாயிருந்தால் தோட்டம் வந்து சேர்வதற்குள் வாடை வண்டி முழுவதும் ஏறிவிடும்.