சாயத்தண்ணி



சங்கத்தின் நூறாவது ஆண்டில் பேசக் கிடைத்த பதினைந்து நிமிடத்தை, நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்துகிறோம். அந்த வேலைக்கு உங்கள் கையும் வேண்டும்.

தொண்ணூறுகளில் இங்கே படித்த எங்கள் வகுப்பினர் சிலர் சேர்ந்து, பழைய மனைப்பொருளியல் அறையில் சனிக்கிழமைகளில் துணிக்குச் சாயமிடும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். ஒரு தடவைக்கு எட்டுப் பேர். நான்கு சனிக்கிழமை. சுற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் அம்மாமார் வருகிறார்கள். கொழும்பில் கார்மண்ட் வேலையை விட்டுத் திரும்பிய பிள்ளைகளும் வருகிறார்கள்.

"வைத்தியர்மாருக்குச் சாயத்தில் என்ன வேலை?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். சாயமும் மருத்துவமும் நெருங்கிய உறவுக்காரர்கள். 1856 இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது ஊதாச் சாயம். உலகின் செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. பிற்காலத்தில் வைத்தியர்கள் அந்தச் சாயங்களைக் கொண்டே கிருமிகளுக்கு நிறமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஆனால் நாங்கள் இந்த அறைக்கு வந்த காரணம் இன்னும் எளிமையானது. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

சாயத் தொழில் மத்திய மாகாணத்துக்குப் புதிதல்ல. மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எனா டி சில்வா நடத்திய பட்டறைகளை உங்களில் பலர் அறிவீர்கள். இலங்கையரான முதல் பொலிஸ் மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள் அவர். 1922 இல் பிறந்து 2015 இல் காலமானார். 1960களில் கொழும்பில் தம் வீட்டிலேயே, மகனையும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவையும் சேர்த்துக்கொண்டு பத்திக் செய்யத் தொடங்கினார். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையை அலங்கரித்த பத்திக் துணிகள் அவருடைய பட்டறையில் உருவானவை. 1980களில் அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களுக்குப் பத்திக்கும் தையலும் தொழிலாக அமையும்படி செய்தார். பக்கத்தில் இருந்து பார்த்து, கையால் செய்து பழகும் வழியே அந்தத் தொழிலின் வழி. எங்கள் அறையும் அந்த வழியில்தான் நடக்கிறது.

முதல் சனிக்கிழமை சாயத்தைத் தொடுவதே இல்லை. புதுத் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். சலவைச் சோடா போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து அலச வேண்டும். அலசாத துணியில் சாயம் திட்டுத் திட்டாய் நிற்கும். "ஒரு நாள் முழுக்க உடுப்புத் துவைக்கவா வந்தோம்?" என்று சிரித்தவர்களே, அடுத்த வாரம் சமமாக ஏறிய நிறத்தைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை முடிச்சு. மதுரைச் சுங்குடிச் சேலையில் புள்ளி புள்ளியாய் வரும் வெள்ளை வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் நனைத்தால், கட்டிய இடத்தில் நிறம் ஏறாது. அவ்வளவுதான் சூத்திரம். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மண்ணின் வேலை அது. இடது கையும் வலது கையும் சேர்ந்து வேகமாகக் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்கு இந்தக் கட்டு மிக விரைவில் படிந்துவிடுகிறது.

அன்றைய சாயம் தேயிலை. வெறுந்தேநீரை நாம் சாயத்தண்ணி என்றுதானே சொல்கிறோம். அது உண்மையிலேயே சாயம்தான். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்தான தனின், பருத்தியில் பழுப்பு நிறமாகப் பிடித்துக்கொள்ளும். கொழுந்து பறிப்பவர்களின் விரல் கறுப்பதற்கும் அந்தத் துவர்ப்புத்தான் காரணம். சிறுவயதில் அம்மாவின் விரல்களைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருந்தார்கள். இன்று அதே கறையைத் துணியில் வேண்டுமென்று ஏற்றுகிறோம்.

மூன்றாம் சனிக்கிழமை இரும்பு. தேயிலையில் நனைத்த பழுப்புத் துணியை, சிறிதளவு அன்னபேதி கரைத்த தண்ணீரில் முக்கினால், கண் முன்னாலேயே அது மேகம் போலச் சாம்பலாகி, பிறகு கருமையாகும். தனினும் இரும்பும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. அன்னபேதி கூடினால் துணி நாளடைவில் இற்றுப்போகும். ஆகவே அளந்துதான் போடுகிறோம்.

நாங்கள் இந்த அறைக்கு வந்த காரணம் இங்கேதான் இருக்கிறது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை எவ்வளவு இருக்கிறது என்பது கிளினிக்கில் வேலை செய்யும் நம் தங்கைமார் எல்லோருக்கும் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். "தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம். தலையாட்டிவிட்டுப் போவார்கள். தேத்தண்ணி இல்லாமல் லயத்தில் எந்தக் காரியம் நடக்கிறது? பட்டறையில் ஒரு நாள், மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கரைத்து, ஒரு கோப்பைச் சாயத்தண்ணியில் விட்டுக் காட்டினோம். கோப்பை கறுத்தது. யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மா கேட்டார்: "அப்ப வயித்துக்குள்ளயும் இப்பிடித்தான் புடிச்சி வச்சிக்குமா, டொக்டரம்மா?" அதேதான். தேயிலை பிடித்துக்கொண்ட இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போய்விடுகிறது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒன்றிரண்டு மணித்தியாலம் விட வேண்டும், மாத்திரையோடு தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கலாம் என்பதை அந்த எட்டுப் பேருக்கும் அதன் பிறகு நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே லயத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காம் சனிக்கிழமை மெழுகு. உருக்கிய மெழுகால் கோலம் வரைந்து, துணியைச் சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை நீக்குவது பத்திக். யாவாவில் செழித்த கலை. இந்தோனேசிய பத்திக்கை 2009 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தேயிலைச் சாயத்துக்குச் சூடு வேண்டும், சூட்டில் மெழுகு உருகிவிடும். ஆகவே பத்திக்குக்குக் குளிர்ந்த நீரில் ஏறும் இரசாயனச் சாயத்தைப் பயன்படுத்துகிறோம். அங்கே வைத்தியர்களாக நாங்கள் கண்டிப்பாக நிற்கிறோம்.

1895 இல் ஜெர்மனியில் லூட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சாய ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பையில் புற்றுக் கட்டிகள் வருவதைக் கண்டு எழுதினார். அப்படிப்பட்ட நச்சு அமைன்களை வெளிவிடும் சில சாயங்களைத் துணியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் தடை விதித்தது. குளிர்சாயத் தூளைத் திரும்பத் திரும்ப மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஆகவே எங்கள் அறையில் சில விதிகள். பெயரும் உற்பத்தியாளரும் எழுதாத பொட்டலத் தூளுக்கு இடமில்லை. தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சாயப் பானை சமையலுக்குத் திரும்பாது. பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை.

தண்ணீருக்கும் விதி உண்டு. ஹட்டன் பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் சேர்ந்து களனி ஆகின்றன. கொழும்பு மக்கள் அம்பத்தளையில் சுத்திகரித்துக் குடிப்பது அந்தக் களனித் தண்ணீரைத்தான். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நாங்கள் சாயநீரைக் கானில் ஊற்றுவதில்லை. நிறம் வெளிறும்வரை அடுத்தடுத்த துணிகளுக்குப் பயன்படுத்தி, மிச்சத்தைப் பீப்பாயில் சேர்த்து வற்ற வைக்கிறோம். எட்டுப் பேர் என்பதால்தான் இது முடிகிறது. "எண்பது பேரைச் சேருங்கள்" என்று அன்போடு சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். எண்பது பேர் வேண்டுமென்றால் பத்து அறைகள் வேண்டும்.

கடைசி நாளின் கடைசி ஒரு மணித்தியாலம் கணக்கு. துணி, சாயம், விறகு, நூல் ஆகியவற்றின் செலவை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். தன் நேரத்தை எழுதச் சொன்னால் பேனா நிற்கிறது. நாட்சம்பளத்தை யாரோ பேசி முடிவு செய்து பழகிய வாழ்க்கை நம்முடையது. 1,000 ரூபா என்ற தொகை 2021 இல் வர்த்தமானியில் வர எத்தனை வருடம் காத்திருந்தோம்! தன் ஒரு மணித்தியாலத்துக்குத் தானே விலை எழுதுவது, முடிச்சுக் கட்டுவதைவிடக் கடினமான பாடம். அந்தத் தாளில் ஓர் எண்ணை எழுதாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியவை. கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சகோதரிகளே, துணி வாங்கும்போது விலை பேசிக் குறைக்காதீர்கள். அந்த விலைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கணக்குத்தாள் இருக்கிறது. இரசாயனம் படித்தவர்கள், விடுமுறைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, எங்கள் பீப்பாய்த் தண்ணீரைச் சோதித்துத் தாருங்கள். தோட்டங்களில் ஆசிரியைகளாக இருப்பவர்கள், பாடசாலையில் பூட்டிக்கிடக்கும் ஓர் அறையைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாயும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் போதும். மற்றதை நாங்கள் கொண்டு வருகிறோம்.

அடுத்த தொகுதிக்கு இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பெயர் தர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லலாம்.