கணையத்தில் படிந்த கசடு



சர்க்கரை நோய் என்றதும் இட்லியா, கம்பங்கூழா என்ற வழக்குக்குத் தீர்ப்புக் கேட்கச் சிலர் வந்திருப்பீர்கள். அந்த வழக்கை உங்கள் வீட்டம்மாவிடமே விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது நம் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர், மாவோரி வம்சாவளியில் வந்த கார்த் கூப்பரின் ஆராய்ச்சியைப் பற்றி.

கதை 1901இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யூஜின் ஓப்பி என்ற நோயியல் அறிஞர், சர்க்கரை நோயால் இறந்தவர்களின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் செல் கூட்டங்களில் கண்ணாடி போன்ற ஏதோ ஒன்று படிந்திருந்தது. 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கிடைத்தது. எல்லோருடைய கவனமும் அதன் பக்கம் போயிற்று. படிந்திருந்த பொருளை நோய் விட்டுச்சென்ற கசடு என்று ஒதுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எளிதில் கரையாத பொருளை எப்படிப் பகுத்துப் பார்ப்பது?

கூப்பர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது அந்தக் கசடையே கையில் எடுத்தார். இரண்டாம் வகை நோயாளிகளின் கணையங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 37 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்டார்கள். ஸ்வீடனில் பெர் வெஸ்டர்மார்க் குழுவும் ஏறக்குறைய அதே வேளையில் தனியே அதே புரதத்தை எட்டியது. பெருமையைப் பங்கிட்டே தர வேண்டும்.

கசடு என்று நினைத்தது ஒரு ஹார்மோனின் திரட்சி! ஆமிலின் என்று பெயர். இன்சுலினைச் சுரக்கும் அதே பீட்டா செல்கள்தான், சாப்பிட்டவுடன் இன்சுலினோடு சேர்த்து இதையும் சுரக்கின்றன. வயிற்றிலிருந்து உணவு இறங்கும் வேகத்தை இது குறைக்கிறது. கல்லீரலைச் சர்க்கரை வெளியிடத் தூண்டும் குளுக்ககானை அடக்குகிறது. போதும் என்ற நிறைவை மூளைக்குச் சொல்கிறது. முதல் வகை நோயில் பீட்டா செல்கள் அழியும்போது இரண்டுமே போய்விடுகின்றன. நாமோ பல பத்தாண்டுகளாக ஒன்றை மட்டுமே ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அப்படியே மருந்தாக்கலாமென்றால், மனித ஆமிலின் தானே ஒட்டித் திரளும் குணமுடையது. வழி காட்டியது எலி. எலியின் ஆமிலினில் 25, 28, 29ஆம் இடங்களில் புரோலின் இருப்பதால் அது திரளாது. (பூனையின் ஆமிலின் திரளும், பூனைக்குச் சர்க்கரை நோயும் வரும்.) அந்த மூன்று இடங்களையும் எலியைப் பார்த்து மாற்றிச் செய்த மருந்துதான் பிராம்லின்டைடு. கூப்பர் 1987இல் அமெரிக்காவில் தொடங்க உதவிய ஆமிலின் நிறுவனம் அதை உருவாக்கியது. 2005இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. பெரிதாக விற்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் இன்சுலினோடு கலக்காமல் தனி ஊசி. கவனம் பிசகினால் லோ சுகர். கிடைக்கும் பலனோ சுமார். எந்த நோயாளி விரும்புவார்? ஆனாலும் விற்பனையை வைத்து இந்தக் கண்டுபிடிப்பை எடைபோடுவதை நான் ஏற்கமாட்டேன்.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது கூப்பர் ஆக்லாந்தில் செய்த வேலை. திரண்ட ஆமிலின் நோயின் விளைவு மட்டும்தானா, பீட்டா செல்களைச் சிதைத்து நோயை உண்டாக்கும் காரணமும் அதுதானா? மனித ஆமிலின் மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் புகுத்திப் பார்த்தார்கள். சாதாரணச் சுண்டெலிக்கு வராத நோய் அவற்றுக்கு வந்தது. அந்தத் திரட்சியில் குறுக்கிட டெட்ராசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தபோது நோய் தாமதமானதை 2010இல் வெளியிட்டார்கள். பிறகு, பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமை இனத்தைச் சேராத பக்வீட் என்ற தானியத்தில் உள்ள ரூட்டின் என்ற பொருளும் அந்தச் சுண்டெலிகளில் பலன் காட்டியது. இங்கிருந்து நேரே கடைக்குப் போய் ரூட்டின் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். எலிக்குக் கேட்டது மனிதருக்கும் கேட்கும் என்று யாரும் நிறுவவில்லை.

இந்தப் பீட்டா செல் விஷயம் நமக்கு அதிகமாகவே பொருந்துகிறது. தெற்காசியர்களுக்கு இந்த நோய் இளவயதிலேயே, அதிகப் பருமன் இல்லாதபோதும் வருகிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வாசலில் நின்றவர்களிடம் நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. சென்னை ஆய்வு வாழ்க்கை முறையைத் திருத்தப் பார்க்கிறது. ஆக்லாந்து ஆய்வு செல்லுக்குள் நடப்பதைத் தடுக்கப் பார்க்கிறது. காப்பாற்ற நினைப்பது இரண்டுமே பீட்டா செல்லைத்தான்.

ஆமிலினும் மறுபடி பேச்சில் அடிபடுகிறது. நோவோ நோர்டிஸ்க் நிறுவனம், வாரம் ஒருமுறை போடும் கேக்ரிலின்டைடு என்ற ஆமிலின் வகை மருந்தைச் செமாக்ளூடைடு என்ற மருந்தோடு சேர்த்து, உடல் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் சோதித்துவருகிறது. தினமும் பலமுறை ஊசி என்றதால் ஒதுங்கியவர்கள் வாரம் ஒன்று என்றால் ஏற்கக்கூடும். விலை எட்டுமா என்பது வேறு கேள்வி.